செருமினா பக்கம் திரும்பும்

எனக்கு மறக்கத் தெரியாதுங்க. திட்டினதையும் அடிச்சதையும் ஒரே நாள்ல மறந்துட்டு, மறுநாள் பல்லைக் காட்டிப் பேசற ஆளுங்களைப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். நமக்கு அப்படி வராது. "இவ நெஞ்சுல வெச்சுக்கிட்டான்னா வெச்சுக்கிட்டதுதான்"னு எங்கம்மா சொல்லும். இருபத்தாறு வருஷமா நான் நெஞ்சுல வெச்சிருந்தது ஒரே ஒரு ஆளை. மூணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எனக்குப் பாடம் எடுத்த சாரை. அவர் என்னை ஒரு நாள்கூட அடிச்சதில்லை, ஒரு வார்த்தை திட்டினதில்லை. கண்ணு, சாமின்னுதான் கூப்பிடுவாரு. அந்த மனுஷன்மேலதான் எனக்கு அத்தனை வஞ்சம்.

கொல்லிமலையில திண்ணனூர் நாடுன்னு சொல்ற எங்க பக்கத்துல, தார் ரோடு முடிஞ்சு ஒத்தையடிப் பாதை ஆரம்பிக்கிற இடத்துல எங்க ஸ்கூல். அப்பவும் ரெண்டு ரூம், இப்பவும் ரெண்டு ரூம். அப்ப ஓடு, இப்ப காங்கிரீட். ஒழுகறது மட்டும் மாறலை. நான் படிச்சதும் அங்கதான், இப்ப டீச்சரா இருக்கறதும் அங்கதான். ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் எங்களுக்கு நிலையா ஒரு வாத்தியாரே இல்லை. சார் கீழேயிருந்து வந்தவரு. கொல்லிமலைக்குப் போஸ்டிங் போட்டா அந்தக் காலத்துல தண்டனை மாதிரி. வளைவு வளைவா பஸ்ல ஏறி வந்து, இறங்கினதும் ரோட்டோரமா வாந்தி எடுத்துட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டு நடந்து வருவாரு. பாவம்னுதான் அப்ப நெனைப்பேன். எப்படா மலையிறங்குவோம்கறதைத் தவிர அவருக்கு வேற நெனப்பே கிடையாதுன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

எனக்குக் காது கூர்மை. அவர் பாடத்தை ரெண்டு தடவை சத்தமா வாசிச்சார்னா மூணாவது தடவை நானே சொல்லிருவேன், அவரோட ஏத்த இறக்கம் உட்பட. இதை அவர் கண்டுபிடிச்ச அன்னிக்கே என் தலையெழுத்தை எழுதிட்டாரு. "கண்ணு, நீ விரலை வரி மேல ஓட்டிக்கிட்டே சொல்லோணும். நான் செருமினா பக்கத்தைத் திருப்போணும். அவ்வளவுதான், செரியா?"ன்னு பழக்கினாரு.

இன்ஸ்பெக்சனுக்கு யார் வந்தாலும் எழுப்பறது என்னைத்தான். நான் புஸ்தகத்தை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு கணீர்னு சொல்லுவேன். சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கற மாதிரி நின்னுக்கிட்டுத் தொண்டையைச் செருமுவாரு. நான் பக்கத்தைத் திருப்புவேன். வந்த ஆபீசருங்க வாயைப் பிளப்பாங்க. எனக்கு அ எது, ஆ எதுன்னு தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. சார் செருமற வரைக்கும் விரல் ஓடறதுக்காகப் போட்டு வெச்ச கருப்புக் கோடுங்கதான் எழுத்துன்னு நெனச்சேன். வாசிக்கறதுன்னா இதுதான்னும், நான் அதுல கெட்டிக்காரின்னும் நெனச்சேன். எங்கப்பா சந்தைக்கு மிளகு கொண்டு போற பக்கமெல்லாம் என்னைப் பத்திப் பேசிட்டு வருவாரு.

நான் அஞ்சாவது முடிச்ச வருஷமே சாருக்குக் கீழே மாறுதல் கெடைச்சுது. மலைப் பிள்ளைங்களை இப்படி வாசிக்க வெச்ச ஆசிரியர்னு மைக்குல பேசி, சால்வை போர்த்தி, தாரை தப்பட்டை இல்லாத குறையா அனுப்பி வெச்சாங்க. என் நாக்கைப் பிடிச்சுக்கிட்டு அவர் மலையிறங்கினாரு. நானும் இறங்கினேன், காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்கு.

ஆறாங்கிளாஸ்ல முதல் வாரம். தமிழ் டீச்சர் என்னை எழுப்பி, முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னாங்க. புதுப் புஸ்தகம். அதை யாரும் எனக்கு இன்னும் வாசிச்சுக் காட்டலை. நான் எழுந்திருச்சு, புஸ்தகத்தை நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, விரலை முதல் வரியில வெச்சேன். வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. என்ன பண்றதுன்னு தெரியாம, எனக்குத் தெரிஞ்ச அஞ்சாங்கிளாஸ் பாடத்தையே கணீர்னு சொல்ல ஆரம்பிச்சேன், அந்த ஆறாங்கிளாஸ் புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டு, விரலை ஓட்டிக்கிட்டு! கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னியிலிருந்து அந்த ஹாஸ்டல்ல எனக்கு ரேடியோன்னு பேரு.

சிரிச்சதுகூடப் பரவாயில்லைங்க. டீச்சர் எனக்கு வாசிக்கத் தெரியலைன்னு நம்பவே இல்லை. என்கூட வந்த காகிதத்துல சார், இவ சரளமா வாசிக்கிற பிள்ளைன்னு எழுதி அனுப்பியிருந்தாரு. "ரெக்கார்டுல இப்படி இருக்கு. நீ வேணும்னே நடிக்கறியா? திமிரா?"ன்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொன்னவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. திமிருக்கு அடிதான் விழும். அரைப் பரீட்சை வரைக்கும் அடி விழுந்துது. சரளம்கற ஒரே வார்த்தையால எவளும் என்னைத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டாளுங்க.

எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்தது பஸ் கண்டக்டருங்க. அவங்களுக்கே அது தெரியாது. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்குக் காய்கறி வாங்கப் போறப்ப பஸ் ஸ்டாப்புல நிப்போம். பஸ் வந்து நிக்கும். கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு, "நாமக்கல், நாமக்கல், நாமக்கல்!"னு கத்துவாரு. பஸ் நெத்தியில போர்டு இருக்கும். இன்னொரு பஸ் வரும், "சேந்தமங்கலம்! சேந்தமங்கலம்!" ஒரு நாள் அந்த ரெண்டு போர்டையும் பார்த்துக்கிட்டே நிக்கறேன், நாமக்கல்லோட ரெண்டாவது எழுத்து சேந்தமங்கலத்துக்கு நடுவுலயும் உக்காந்திருக்கு. ரெண்டுலயும் ம-ன்னு ஒரு சத்தம் வருது. அந்த எழுத்துதான் அந்தச் சத்தம்! கையில இருந்த கத்திரிக்காய்ப் பையைக் கீழே போட்டுட்டேன். ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் ஒரு சத்தம் இருக்குன்னு பதினோரு வயசுல, ரோட்டுல நின்னு, தானாக் கண்டுபிடிச்சவ நான். அப்ப வந்த அழுகை சந்தோஷத்துல வந்ததில்லை. மூணு வருஷம் இதை எனக்குச் சொல்லாம வெச்சிருந்தானேங்கற ஆத்திரத்துல வந்தது. அந்த பஸ் ஸ்டாப்புல வெச்சுதான் சாரை நான் நெஞ்சுக்குள்ள ஏத்தினேன்.

டீச்சர் வேலைக்கு வந்ததும் அதனாலதான். பிள்ளைங்கமேல பாசம், சேவைன்னெல்லாம் பேட்டியில சொல்ற மாதிரி நான் சொல்ல மாட்டேன். அவர் செய்யாததைச் செஞ்சு காட்டணும்னு வந்தேன். என் கிளாஸ்ல சத்தம்தான் முதல்ல, எழுத்து அப்புறம். படம்னு சொன்னா பிள்ளைங்க மூணு பலாக்கொட்டையைத் தரையில வைக்கணும், ப-வுக்கு ஒண்ணு, ட-வுக்கு ஒண்ணு, ம்-முக்கு ஒண்ணு. கொட்டையைத் தொட்டுத் தொட்டுச் சத்தத்தை ஒட்டணும். ஒட்டினது வார்த்தையானா, அந்தக் கொட்டை இருந்த இடத்துல எழுத்து வரும். ட, ப, ம மூணு தெரிஞ்சாலே படம், மடம், பட்டம்னு வாசிக்கலாம். அ-வுல ஆரம்பிச்சு வரிசையா ஒப்பிக்கற வேலையே எங்ககிட்ட இல்லை. ஒப்பிச்சா எனக்குக் காது எரியும்.

அப்புறம் ஒரு சட்டம். தினமும் காலையில போர்டுல ஒரு புது வரி எழுதுவேன். "பன்றி வந்து கிழங்கைத் தோண்டியது." "பஸ் இன்று வரவில்லை." அன்னிக்கு நடந்தது, அன்னிக்கே எழுதினது. சுடச்சுட எழுதின வரியை உலகத்துல எந்தக் கெட்டிக்காரியாலயும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்க முடியாது. வாசிச்சா வாசிச்சதுதான். மெதுவா வாசிச்சாலும் பாதகமில்லை. வேகம் தானா வரும்னு பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்டச் சொல்லுவேன்.

போன வருஷம் மழையில ஒழுகி, பழைய தகரப் பெட்டியை நகர்த்தினோம். அடியில மக்கின நோட்டுங்க. ஒண்ணு, சார் கைப்பட எழுதின முன்னேற்றப் பதிவேடு. ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் வருஷக் கடைசியில ரெண்டு மூணு வரி எழுதணும். சாய்ஞ்ச எழுத்து, ஊதா மை. என் வரி ஒரு பக்கத்தோட அடியில ஆரம்பிச்சு அடுத்த பக்கத்துல முடிஞ்சுது. "இம்மாணவி பாடநூல் முழுவதையும் தடையின்றிச் சரளமாக வாசிக்கிறாள்." பக்கத்தைத் திருப்பினா, "உச்சரிப்பு சுத்தம். மலைப் பகுதியில் இத்தகைய மாணவி அரிது." அரிதாமில்ல! நான் அந்த நோட்டை வெயில்ல காயவெச்சு, பாலித்தீன் பையில சுத்தி, என் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினேன். எதுக்குன்னு அப்ப தெரியாது. ஆனா வேணும்னு மட்டும் தெரிஞ்சுது.

எதுக்குன்னு தை மாசம் தெரிஞ்சுது. என்கூட வேலை பார்க்கற டீச்சர் ராசிபுரத்துக்காரங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கினா ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிச்சுட்டு திங்கக்கிழமை முதல் பஸ்ல ஏறி வர்றவங்க. அவங்கதான் போனைப் பார்த்து, "டீச்சர், வாசிப்புத் திறனாய்வுக்கு புது ஆபீசர் வாராராம்"னு பேரைச் சொன்னாங்க. சார் பேரு. படிப்படியா ஏறி இப்ப ஆபீசர் ஆயிட்டாரு, இன்னும் ஒரு வருஷத்துல ரிட்டயர்டு. எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுனு ஏறுச்சு. மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன். என் பிள்ளைங்கள்ல ஒண்ணு அந்தப் பதிவேட்டை அவர் மூஞ்சிக்கு நேரா வாசிக்கணும். அவர் எழுதின பொய்யை, அவர் சொல்லிக் குடுக்காத வித்தையால வாசிக்கணும். அப்புறம் நான் சொல்லணும், அந்த மாணவி நான்தான்னு. கதையைக் கேட்டுட்டு ராசிபுரம் டீச்சர், "விட்டுருங்க டீச்சர், வயசான மனுஷர்"னாங்க. "நீங்க ஞாயித்துக்கிழமை மன்னிச்சுக்கோங்க. எனக்குத் திங்கக்கிழமை வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டேன்.

இப்ப நான் பண்ணின காரியத்தைச் சொல்லணும். என் ஸ்கூல்ல எதைக் குடுத்தாலும் வாசிக்கற பிள்ளைங்க ஒன்பது பேர் இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தரை எழுப்பியிருக்கலாம். நான் எழுப்பலை. அஞ்சாங்கிளாஸ்ல அந்த வருஷம்தான் வந்து சேர்ந்த ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அவ அப்பா அம்மா குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய், மூணு வருஷம் கழிச்சு ஊர் திரும்பினவங்க. பொண்ணுக்கு அந்த மூணு வருஷமும் பள்ளிக்கூடம் கிடையாது. வந்தப்ப ஒரு எழுத்து தெரியாது. ஆனா குரல் இருக்கே, அப்படியே கோயில் மணி. காதும் கூர்மை. அவ சேர்ந்த அன்னிக்கு அவ அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, "வர்ற ஆனிக்குக் கீழே ஹாஸ்டல்ல சேர்க்கோணுங்க டீச்சர். அதுக்குள்ள வாசிக்க வந்துருமுங்களா?"ன்னு கேட்டுச்சு. "வந்துருமுங்க, நானாச்சு"ன்னு சொன்னேன். மார்கழி முடியறப்ப அவ பலாக்கொட்டையை விட்டுட்டு, எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கி வாங்கி வாசிக்க ஆரம்பிச்சிருந்தா.

அந்த இடத்துல அவளை நிறுத்திட்டேன். மூணு வாரம் அவளுக்குப் போர்டு வரி கிடையாது, பதிவேட்டு வரிதான். மத்த பிள்ளைங்க அந்தச் சாய்ஞ்ச எழுத்துல தடுக்கி விழுவாங்க, அவர் முன்னாடி திக்குவாங்க, எனக்கு அது ஆகாது. கணீர்னு விழணும். என் குரல் மாதிரி இருக்கணும். அதுக்கு இவதான் சரி. முதல் நாள் நான் ஒரு தடவை வாசிச்சுக் காட்டினேன். மூணாம் நாளே அவ தடங்கல் இல்லாமச் சொன்னா. பக்கம் திருப்பற இடத்துல மட்டும் மறந்து நின்னுருவா. அதுக்கும் ஒரு வழி தானா வந்துருச்சு. வாசிக்க வந்துருச்சுன்னே நெனச்சேன். நெனைக்கணும்னு நெனச்சேன்.

அவர் வந்த அன்னிக்குப் பனி மூடி, ஜீப் வந்து நின்ன சத்தம்தான் முதல்ல கேட்டுது. இறங்கினவரு ரோட்டோரமா ஒதுங்கி வாந்தி எடுத்தாரு. இருபத்தாறு வருஷம் ஆகியும் மலை அவரை விடலை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தலை நரைச்சு, கொஞ்சம் தொப்பை போட்டு, அதே சாந்தமான மூஞ்சி. என்னை அடையாளம் தெரியலை. "ஏம்மா, நீங்க உள்ளூரா?"ன்னாரு. "ஆமாங்க சார்"னேன். தண்ணி குடுத்தேன்.

திறனாய்வுன்னா ஒரு பாரம், அச்சடிச்ச படிவம். ஒவ்வொரு பிள்ளை பேருக்கு நேரா மூணு கட்டம்: சரளம், எழுத்துக்கூட்டி, தெரியவில்லை. போன்ல ஒரு நிமிஷம் டைமர் வெச்சு, பிள்ளை வாசிக்க வாசிக்க ஒரு கட்டத்துல டிக் போடணும். அந்தப் பாரம்தான் ஆறாங்கிளாசுக்குப் பிள்ளையோட பின்னாலயே கீழே போகும். என் பிள்ளைங்க ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. சிலது வேகமா, சிலது நத்தை மாதிரி. "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்குது"ன்னு டிக் போட்டுக்கிட்டே வந்தாரு. கடைசியா அந்தப் பொண்ணோட பேரு. நான் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து அவ கையில குடுத்தேன்.

"சார், இவ மட்டும் புஸ்தகம் வேண்டாங்க. கையெழுத்து வாசிப்பா."

அவ எழுந்திருச்சு, நோட்டை நெஞ்சுக்கு நேரா பிடிச்சா. "இம்மாணவி பாடநூல் முழுவதையும் தடையின்றிச் சரளமாக வாசிக்கிறாள்." கணீர்னு ரூம் முழுக்க விழுந்துது. சார் பேனா நின்னுருச்சு. ஊதா மையை அவ்வளவு தூரத்துல இருந்தே அடையாளம் கண்டுக்கிட்டாரு. மூஞ்சி வெளிறிப்போச்சு. ஆஹா, இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்! எனக்கு அவரை நேராப் பார்த்தா சிரிச்சுருவேனோன்னு பயம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். தொண்டையைச் செருமினேன்.

அவ பக்கத்தைத் திருப்பினா. "உச்சரிப்பு சுத்தம். மலைப் பகுதியில் இத்தகைய மாணவி அரிது."

நான் திரும்பிப் பார்த்தப்ப சார் அவளைப் பார்க்கலை. என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்தச் செருமல் யாரோடதுன்னு அவருக்குத் தெரியாதா? எனக்கே அப்பத்தான் உறைச்சுது. மூணு வாரமா, பக்கம் திருப்ப அவ மறந்து நிக்கறப்பல்லாம் நான் செருமியிருக்கேன். யாரும் எனக்குச் சொல்லித் தரலை. தானா வந்திருக்கு. அவ விரலைப் பார்த்தேன். வாய் அரிதுல முடிஞ்சிருக்கு, விரல் இன்னும் உச்சரிப்புல கெடக்கு.

"நீதானா அந்தப் பிள்ளை?"ன்னாரு சார், மெதுவா.

"ஆமாங்க சார்."

நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாரு. அப்புறம், "நல்லாத்தான் பழக்கியிருக்கற"ன்னாரு.

செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி இருந்திருக்காது. நக்கலாச் சொல்லியிருந்தா நான் பதிலுக்குப் பாய்ஞ்சிருப்பேன். மனுஷன் நெஜமாவே பாராட்டற மாதிரி சொன்னாரு, ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரியைச் சொல்ற மாதிரி. பேனாவை எடுத்துக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, "விடு சாமி. நானும் ஒண்ணும் பார்க்கலை, நீயும் ஒண்ணும் கேக்கலை. சரளம்னே போட்டுடறேன். நம்ம ஸ்கூலுக்கும் நல்லபேரு, பிள்ளைக்கும் நல்லது"ன்னாரு. நம்ம ஸ்கூலாம்.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ராசிபுரம் டீச்சருக்குக்கூட என்ன நடக்குதுன்னு புரியலை. பேனா முனை முதல் கட்டத்துக்கு மேல நிக்குது. எனக்கு ஆனி மாசம் கண்ணுல தெரிஞ்சுது. அவ ஹாஸ்டல்ல எழுந்திருச்சு நிக்கறா. புதுப் புஸ்தகம். வாயைத் திறக்கறா. ரெக்கார்டுல சரளம்னு இருக்கே, திமிரான்னு எவளோ கேக்கறா. வாசல்ல நின்ன அவ அம்மாகிட்ட நானாச்சுன்னு சொன்ன வாய் இது.

"போடாதீங்க சார்"னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன். "அவளுக்கு இன்னும் சரளம் வரலை. எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் மூணு வாரம் அவளைக் கெடுத்துட்டேன். ரெண்டாவது கட்டத்துல போடுங்க."

போட்டாரு. "உன் பேருக்குத்தான்மா கெடுதல்"னாரு. பாரத்தை மடிச்சு எந்திரிக்கப் பார்த்தாரு. வேலை முடிஞ்சுதுன்னு அவர் நெனைப்பு. என் வேலை முடியலைங்க. என் தப்பை நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அவர் மட்டும் நோகாம ஜீப் ஏறிப் போயிருவாரா? நோட்டை அவ கையில இருந்து வாங்கி, அவர் முன்னாடி விரிச்சு வெச்சேன்.

"இதுலயும் எழுதுங்க சார். என் வரிக்குக் கீழே."

"பழைய ரெக்கார்டும்மா இது. இதுல கை வைக்கக்கூடாது."

"அன்னிக்கு வெச்சீங்களே."

"என்னத்தை எழுதச் சொல்ற?"

"உங்களுக்கே தெரியும்."

பேனா மூடியைப் போட்டாரு, மறுபடி கழட்டினாரு. வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அப்புறம் குனிஞ்சு எழுதினாரு. எழுத்து இன்னும் சாய்ஞ்சுதான் இருந்துச்சு, மை மட்டும் நீலம். எழுதினதை எனக்குக் காட்டாம நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாரு. நான் அதைப் பார்க்கலை. அவ முன்னாடி கொண்டுபோய் வெச்சேன். கொஞ்சம் முன்னாடி எழுதின மை, இன்னும் பளபளன்னு இருக்கு. யாரும் யாருக்கும் வாசிச்சுக் காட்டாத வரி. அவளுக்கு வாசிக்க வருமா வராதான்னு எனக்கும் அந்த நிமிஷம் தெரியாது.

"வாசி கண்ணு. மெதுவா வாசி. போன்ல டைமர் ஓடலை."

அவ என்னைப் பார்த்தா, நோட்டைப் பார்த்தா. விரலை முதல் எழுத்துல வெச்சா. "இ… வ… ளு… க்… கு… இவளுக்கு." கோயில் மணியெல்லாம் எங்கேயோ போயிருச்சு, கம்மின குரல். "வா… சி… க்… க… வாசிக்க… த்… தெ… ரி… யா… து. வாசிக்கத் தெரியாது." விரலும் வாயும் ஒரே எழுத்துல நின்னுது. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு. ஆனா வரி அதோட முடியலை. இன்னொண்ணு எழுதியிருக்காரு. நான் கேக்காதது. அவ நெத்தியைச் சுருக்கிக்கிட்டு அதையும் கூட்டினா. "நா… ன்… சொ… ல்… லி… த்… த… ர… வி… ல்… லை. நான் சொல்லித் தரவில்லை."

வாசிச்சு முடிச்சுட்டு நிமிர்ந்து, "ஆருக்குங்க டீச்சர் வாசிக்கத் தெரியாது?"ன்னு கேட்டா.

"எனக்குத்தான் கண்ணு. உன் வயசுல."

"ஆருங்க டீச்சர் சொல்லித் தராதது?"

சாரைக் கை காட்டியிருக்கலாம். மூணு வாரக் கணக்கு எனக்கும் இருக்கே. சாரைப் பார்த்தேன். அவர் மன்னிப்பு கேக்கலை, நானும் மன்னிக்கலை. இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கலை. அவர் எந்திரிச்சு, கையில பாரத்தை வெச்சுக்கிட்டு, வாசல் பக்கம் திரும்பி, பனியைப் பார்க்கற மாதிரி நின்னாரு. தொண்டையைச் செருமினாரு.

அவ கை பழக்கத்துல பக்கத்தோட ஓரத்துக்குப் போச்சு. நான் அந்தக் கைமேல என் கையை வெச்சு அழுத்திக்கிட்டேன்.

"திருப்பாத கண்ணு"ன்னேன். "இன்னொருக்கா வாசி. சார் கேக்கட்டும்."